உப்பு சரியா?

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். விமானத்தில் அடைத்த காது மட்டும் இன்னும் திறக்கவில்லை. உன் முட்டி எப்படி இருக்கிறது? அத்தானுக்கு இருமல் நின்றதா?

போன் பண்ணாமல் ஏன் கடிதம் என்று திட்டாதே. உன் வீட்டு போன் கூடத்தில் உன் மாமியார் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. நாம் பேசுவதையெல்லாம் அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். அதுவுமில்லாமல், தபாலாபீஸ் கவுண்டரில் காலமெல்லாம் ஊரார் கடிதத்துக்கு முத்திரை குத்தினவள் நான். என் கடிதத்துக்கும் யாராவது குத்தட்டுமே.

ஊமைக்கோட்டான் விமான நிலையத்துக்கு வந்திருந்தான். என் மகனுக்கு நீ வைத்த பேர்தான், இன்றைக்கும் பொருத்தமாக இருக்கிறது.

"எப்படிடா இருக்க?"

"இருக்கேன்மா."

"லிஃப்ட் கம்பெனி வேலையெல்லாம்?"

"போகுது."

வீடு வரைக்கும் இவ்வளவுதான் பேச்சு. அவன் தங்குவது கம்பெனி விடுதியில். அங்கே பெண்களை உள்ளே விட மாட்டார்களாம். அதனால் எனக்கென்று பதினாலாவது மாடியில் ஓர் அறை எடுத்திருக்கிறான். ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டிடத்து ஜன்னல்கள், அதில் காயும் துணிகள்.

அறையைப் பார்த்ததிலிருந்து எனக்கு ஒரே குழப்பம். உட்காரத் தாழ்வாக ஒரு ஸ்டூல் போட்டிருக்கிறது. நாற்காலியில் காலைத் தொங்கவிட்டால் எனக்கு வீங்கும் என்று யாருக்குத் தெரியும்? தலையணை இரண்டு. ஜன்னல் திரைக்குக் கையாலேயே ஓரம் தைத்திருக்கிறது. "யாருடா இதெல்லாம் பண்ணது?" என்றால் "தெரிஞ்சவங்க" என்கிறான். மதியம் கதவைத் திறந்தால் கைப்பிடியில் ஒரு துணிப்பை தொங்குகிறது, உள்ளே சுடச்சுடச் சாப்பாடு. யார் வந்து மாட்டுகிறார்கள் என்று தெரியவில்லை. காது அடைத்தவளுக்குக் காலடிச் சத்தமா கேட்கும்? கேட்டால் "ஏற்பாடு பண்ணிருக்கேன்மா" என்பதோடு சரி.

நீ சொல்லி அனுப்பியதை மறக்கவில்லை. உன் நாத்தனாரின் மகளை, அந்த டீச்சர் பெண்ணைக் கட்டிக்கொள்ள இவனிடம் சம்மதம் வாங்காமல் திரும்ப மாட்டேன். முப்பத்துமூன்று வயதாகிறது, இன்னும் எத்தனை நாள் ஒண்டியாகக் கிடப்பான்? நாலு மாதம் இருக்கிறது. கரைத்துவிடுவேன்.

உன் அன்புத் தங்கை

*

பிப்ரவரி 24

அன்புத் தங்கச்சிக்கு,

கடிதம் கிடைத்தது. என் முட்டியைப் பற்றிக் கேட்காதே, அது என்னோடுதான் இருக்கிறது, படிக்கட்டைப் பார்த்தால் மட்டும் அழுகிறது. அத்தான் இருமலை நிறுத்திவிட்டுத் தும்ம ஆரம்பித்திருக்கிறார். நீ பிரஷர் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாயா? டாக்டர் சொன்னபடி உப்பைக் குறை. உனக்கு உன் நாக்குதான் எதிரி.

ஸ்டூல், தலையணை என்று பக்கத்தை நிரப்பியிருக்கிறாயே, காரியம் என்ன ஆயிற்று? சுற்றி வளைக்காமல் நேராகவே சொல்கிறேன். போன வாரம் நாத்தனார் வந்திருந்தாள். அடுப்படியில் நின்றுகொண்டிருந்த என்னைப் பார்த்து, "அண்ணி, உக்காருங்க அண்ணி, முட்டி வலிக்கப் போகுது" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இந்த வீட்டுக்கு வந்து என் தலை நரைத்துவிட்டது. இதுவரை யாரும் எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டதில்லை. எல்லாம் நம் ஊமைக்கோட்டானால்தான். இந்தச் சம்பந்தம் மட்டும் அமைந்துவிட்டால் எனக்கும் இந்த வீட்டில் ஒரு வார்த்தை இருக்கும். உனக்குப் புரிகிறதா?

பெண் தங்கமான பெண். பேச்சும் கொஞ்சம்தான். இரண்டு பேரும் சேர்ந்தால் வீட்டில் சுவர்க்கடிகாரச் சத்தம்தான் கேட்கும், அதனால் என்ன?

அவன் என்ன சொன்னான் என்று அடுத்த கடிதத்தில் முதல் வரியிலேயே எழுது.

உன் அக்கா

*

மார்ச் 6

அன்புள்ள அக்காவுக்கு,

முதல் வரியில் எழுதச் சொன்னாய், எழுதுகிறேன்: அவன் ஒன்றும் சொல்லவில்லை. டீச்சர் பெண் பேச்சை எடுத்தேன், சூப்பை உறிஞ்சினான். மறுபடி எடுத்தேன், மறுபடி உறிஞ்சினான். கிண்ணம் காலியானதுதான் மிச்சம். நான் சுகம், காதும் பாதி திறந்துவிட்டது. நீ முட்டிக்கு எண்ணெய் போட்டுத் தேய்க்கிறாயா?

என்னை ஊர் சுற்றிக் காட்டுவதில் மட்டும் குறை வைக்கவில்லை. இந்த ஊரிலேயே உயரமான கோபுரத்துக்குக் கூட்டிப்போனான். லிஃப்ட் கிளம்பியதும் என் வயிறு கீழேயே இறங்கி நின்றுவிட்டது, நான் மட்டும் மேலே போனேன். மேலே தரை கண்ணாடி. காலுக்குக் கீழே தெருவில் கார்கள் எறும்பு மாதிரி ஊர்கின்றன. அதன்மேல் ஏறி நின்று எல்லோரும் சிரித்துக்கொண்டே போட்டோ எடுக்கிறார்கள். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். நம் ஆளைக் காணோமே என்று பார்த்தால், லிஃப்ட் கதவில் காதை வைத்துக்கொண்டு நிற்கிறான்.

"என்னடா?"

"ரோப் லேசா உரசுதும்மா. நாளைக்கு வந்து பாக்கணும்."

நாளைக்குப் பார்ப்பது இருக்கட்டும், இன்றைக்கு நாங்கள் இறங்க வேண்டியதும் அதே லிஃப்டில்தானே? இறங்கும்வரை நான் கண்ணைத் திறக்கவே இல்லை.

அப்புறம் ராத்திரிச் சந்தை. பொழுது சாய்ந்ததும் ஒரு நீளத் தெருவில் வண்டி போகாமல் அடைத்து, இரண்டு பக்கமும் கடை போடுகிறார்கள். எங்கே பார்த்தாலும் பல்பு, புகை, ஆவி. குச்சியில் குத்தி நெருப்பில் வாட்டுகிறார்கள், மாவுக்குள் கீரையை மடித்து ஆவியில் வைக்கிறார்கள், ஐஸைச் சீவி அதன்மேல் பழத்தைக் கொட்டுகிறார்கள். ஜனம் நின்றுகொண்டு தின்கிறது, நடந்துகொண்டு தின்கிறது, சண்டை போட்டுக்கொண்டும் தின்கிறது. ஒருவன் எதையோ வாட்டி என் மூக்குக்கு நேரே நீட்டினான். "இது என்னடா?" என்று கேட்டால் ஊமைக்கோட்டான், "நல்லா இருக்கும்மா" என்கிறான். நான் கேட்டது அதுவா?

இத்தனை கடையையும் தாண்டி, தெருக்கோடியில் தகரக் கூரை போட்ட சின்னக் கடை ஒன்றுக்குக் கூட்டிப்போனான். வெள்ளைத் துணித் தொப்பி போட்ட ஒருத்தி நடத்துகிறாள். அவன் வயதுதான் இருக்கும். முன்கையெல்லாம் சூடுபட்ட தழும்பு. உயர ஸ்டூல்களுக்கு நடுவே ஒரே ஒரு தாழ்வான ஸ்டூல், அதில் என்னை உட்காரவைத்தாள். சேமியாவைத் தடியாகத் திரித்த மாதிரி ஒன்றைச் சூப்பில் மிதக்கவிட்டுக் கொண்டுவந்தாள். வைத்துவிட்டுப் போகாமல் பக்கத்திலேயே நின்றாள். நான் ஒரு வாய் சாப்பிட்டதும், சுத்தமான தமிழில், "உப்பு சரியா?" என்றாள்!

எனக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. நம் வீட்டில் அம்மா, தாத்தாவுக்குத் தட்டை வைத்துவிட்டு நின்றபடியே கேட்பாளே, அதே வார்த்தை, அதே நிற்கிற நிலை. தாத்தா "சரி" என்ற பிறகுதான் அம்மா உட்காருவாள், ஞாபகம் இருக்கிறதா? வாடிக்கை பிடிக்க இந்த ஊரில் என்னென்ன வித்தையெல்லாம் கற்றுவைத்திருக்கிறார்கள் பார். "கொஞ்சம் கம்மி" என்றேன். கம்மிதான். தலையை ஆட்டிக்கொண்டு போனாளே தவிர, உப்பு கொண்டுவரவில்லை. மறுநாளும் அங்கேதான் போனோம். அதே கேள்வி, அதே கம்மி. தினமும் சொல்கிறேன், கூட ஒரு கல் போட மாட்டேன் என்கிறாள். என்ன அழுத்தம் பார்!

இவ்வளவு பெரிய சந்தையில் தினமும் இந்த ஒரு கடைக்கே ஏன் போகிறோம் என்று எனக்குப் புரியவில்லை. "சுத்தமா இருக்கும்மா" என்கிறான். உனக்கு ஏதாவது புரிகிறதா?

உன் தங்கை

*

ஏப்ரல் 2

அன்புத் தங்கச்சிக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. தொண்டை கட்டிக்கொண்டது. இப்போது தேவலை. உன் காது முழுதாகத் திறந்ததா?

ஊர் சுற்றியதை ரசித்துப் படித்தேன். அந்தக் கோபுரத்தில் இனிமேல் ஏறாதே.

இதோடு பெண்ணின் போட்டோ வைத்திருக்கிறேன். அவனிடம் வெறும் வாயால் பேசினால் நடக்காது, கண்ணால் பார்த்தால்தான் மனசு அசையும். மேஜைமேல் அவன் கண்ணில் படுகிற மாதிரி வை.

இன்னொன்று. அந்தத் தொப்பிக்காரியிடமும் ஒரு தடவை காட்டு. அவளும் பெண்தானே, நல்லது கெட்டது சொல்லட்டும். ஊமைக்கோட்டான் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்துக் காட்டு, இருந்தால் அவன் கூச்சப்படுவான். இவனுக்குப் பார்த்திருக்கிற பெண் இவள்தான் என்று அவளுக்கு நன்றாகப் புரியவைத்துவிடு.

வேறு விசேஷம் இல்லை. அத்தான் சுகம். மாத்திரையை மறக்காதே.

உன் அக்கா

*

ஏப்ரல் 14

அன்புள்ள அக்காவுக்கு,

தொண்டை கட்டினால் எழுத முடியாதா? நீ என்ன வாயிலா பேனாவைப் பிடிக்கிறாய்? தினமும் தபால் பெட்டியைத் திறந்து திறந்து பார்த்து, கீழ்வீட்டுக்காரர்கள் எனக்குப் பைத்தியம் என்றே முடிவு கட்டியிருப்பார்கள். இப்போது தொண்டை தேவலையா? வெந்நீர் குடி.

நாங்கள் ரோப் காரில் மலை உச்சிக்குப் போனோம். ஒரு தீப்பெட்டியில் என்னைப் போட்டுக் கம்பியில் தொங்கவிட்ட மாதிரி இருந்தது. அருங்காட்சியகத்தில் உடைந்த பானைகளைக் கண்ணாடிக்குள் வைத்துக் காவல் காக்கிறார்கள். ஆற்றில் படகில் போனபோதுதான் எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. இரண்டு கரையிலும் விளக்கு, தண்ணீரிலும் விளக்கு, எது நிஜம் எது நிழல் என்று தெரியவில்லை. ஊமைக்கோட்டான் அவனாகவே பேசினான். "இந்த ஊர் உனக்குப் புடிச்சிருக்காம்மா?" என்றான். "சுத்திப் பாக்க நல்லா இருக்குடா. இருக்கறதுக்கு நம்ம ஊருதான்" என்றேன். அவன் எழுந்துபோய்ப் படகு எஞ்சின் சத்தத்தைக் கேட்க ஆரம்பித்துவிட்டான்.

நீ சொன்னபடியே போட்டோவைக் காட்டினேன். அதைத்தான் எழுத வேண்டும், எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

அவன் பழ ஐஸ் வாங்கப் போயிருந்தான். பையிலிருந்து போட்டோவை எடுத்தேன். தொப்பிக்காரி ஆவலாகக் கிட்டே வந்தாள். பெண்ணைக் காட்டினேன், அவன் போன திசையைக் காட்டினேன், இரண்டு ஆள்காட்டி விரலையும் சேர்த்து வைத்துக் காட்டினேன். அதைப் புரிந்துகொள்ளப் பாஷை எதற்கு? அவள் சிரிப்பு அப்படியே நின்றது. கையை ஏப்ரனில் இரண்டு பக்கமும் துடைத்துக்கொண்டு, போட்டோ அழுக்காகாமல் ஓரத்தைப் பிடித்து வாங்கினாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அப்புறம் தன் கன்னத்தைத் தொட்டு, போட்டோவைக் காட்டி, அழகாக இருக்கிறாள் என்கிற மாதிரி தலையை ஆட்டினாள். திருப்பி என் கையில் கொடுக்காமல், என் பக்கத்தில் மேஜைமேல் வைத்தாள்.

அன்றைக்கும் கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தாள். ஆனால் நிற்கவில்லை. உப்பு சரியா என்று கேட்கவும் இல்லை. எனக்கு எப்படியோ ஆகிவிட்டது. ஊமைக்கோட்டான் வந்து போட்டோவைப் பார்த்தான், அடுப்புப் பக்கம் பார்த்தான். கையிலிருந்த ஐஸ் உருகி அவன் சட்டைக் கை நனைந்தது, அவன் கவனிக்கவே இல்லை.

நான் என்ன தப்பாகச் செய்தேன் என்று எனக்குத் தெரியவில்லை, அக்கா. உனக்குத் தெரிந்தால் எழுது.

உன் தங்கை

*

ஏப்ரல் 23

அன்புள்ள அக்காவுக்கு,

உன் பதில் வருவதற்குள் மறுபடி எழுதுகிறேன். உடம்பு சுகம், மனசுதான் சரியில்லை. அங்கே எல்லோரும் சுகம்தானே?

தொப்பிக்காரி கடை மூடிக் கிடக்கிறது. நீலத் தார்ப்பாய் போட்டுக் கட்டியிருக்கிறது. பக்கத்தில் சாறு பிழிகிறவனிடம் சைகையில் கேட்டேன், அவன் தோளைக் குலுக்கிவிட்டு எனக்கு ஒரு டம்ளர் சாறு பிழிந்து கொடுத்துவிட்டான். நான் சாறா கேட்டேன்?

ஊமைக்கோட்டான் வேலைக்குப் போகிறான், வருகிறான், என் பக்கத்தில் உட்காருகிறான். தட்டை வைத்தால் "பசிக்கலம்மா" என்கிறான். "பொண்ணு புடிக்கலன்னா புடிக்கலன்னு சொல்லித் தொலையேன்டா!" என்று கத்தினேன். "அந்தப் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்லம்மா" என்றான். அப்புறம் யார்மேல் தப்பு? எனக்குத் தலையைப் பிய்த்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

இன்னொரு விநோதம். மதியச் சாப்பாட்டுப் பை மட்டும் நிற்கவில்லை. தினமும் கதவில் தொங்குகிறது. நேற்று கஞ்சி வந்திருந்தது. ஒரு வாய் சாப்பிட்டேன், உப்பு கம்மி. அதே கம்மி. இத்தனை நாளாக மதியச் சாப்பாட்டிலும் இதே கம்மிதான் இருந்திருக்கிறது, எனக்கு உறைக்கவே இல்லை. இந்த ஊர்க்காரர்கள் எல்லோருமே உப்பைக் கம்மியாகத்தான் போடுவார்களா? ஆனால் வழியில் வாங்கித் தின்ற மற்றதெல்லாம் வாயில் வைக்க முடியாத கரிப்பு. எனக்கு ஒன்றும் புரியவில்லை. பதில் போடு.

உன் தங்கை

*

ஏப்ரல் 27

அன்புத் தங்கச்சிக்கு,

நான் 2-ந் தேதி போட்ட கடிதத்துக்கு உன் பதில் இன்னும் வந்து சேரவில்லை. போட்டாயா, இல்லையா என்றே தெரியவில்லை. தொண்டை சரியாகிவிட்டது. உன் உடம்பு எப்படி?

இங்கே வேலை ஜரூராக நடக்கிறது. நாத்தனார் ஜூலையில் நாள் பார்க்கலாமா என்கிறாள். மாமியார் நேற்று என்னைக் கட்டில் ஓரத்தில் உட்காரச் சொல்லி, "உன் தங்கச்சி மகன் நல்ல பையன்" என்றார். நானும் உட்கார்ந்தேன். உன் மகனுக்கு ஒரு வார்த்தை சொல்லி முடித்துவிடு. அவன் சும்மா இருந்தால் சம்மதம் என்றே எடுத்துக்கொள்ளலாம், அவன் என்றைக்கு வாயைத் திறந்தான்?

போட்டோவைத் தொப்பிக்காரியிடம் காட்டினாயா? அவள் முகம் எப்படி இருந்தது? என்ன செய்தாள்? ஒன்று விடாமல் எழுது.

உன் அக்கா

*

மே 9

அக்காவுக்கு,

நான் சுகம். உன் முட்டி எப்படி இருக்கிறது என்று கேட்க வேண்டும், கேட்கிறேன்.

உன் கடிதம் வந்த அன்றைக்கு உன் கடைசி வரிகளைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கண்காணாத ஊரில் சூப் விற்கிற ஒருத்தியின் முகம் எப்படி இருந்தால் உனக்கென்ன? மாப்பிள்ளை முகம் எப்படி இருந்தது என்றல்லவா கேட்டிருக்க வேண்டும்? அதை யோசித்துக்கொண்டே கதவுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். இப்போது காது நன்றாகவே கேட்கிறது. மதியம் லிஃப்ட் நின்ற சத்தம், அப்புறம் மெதுவான காலடி, கைப்பிடி லேசாக ஆடியது. சட்டென்று திறந்தேன்.

தொப்பி இல்லாமல் தொப்பிக்காரி நின்றாள். தலையில் அங்கங்கே நரை. திருட்டு வேலை செய்து பிடிபட்ட மாதிரி இரண்டு கையாலும் பையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

எனக்கு அந்த இடத்திலேயே எல்லாம் விளங்கிவிட்டது, அக்கா. ஸ்டூல், திரை, தலையணை, தெரிஞ்சவங்க, எல்லாம். அவள் நிச்சயமாக மனசு உடைந்துபோய்க் கடையை மூடியிருக்கிறாள். ஆனாலும் எனக்குச் சோறு கொண்டுவருவதை நிறுத்தவில்லை. நான் விரலைச் சேர்த்துக் காட்டிவிட்டு வந்த மறுநாளும் கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போயிருக்கிறாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

கையைப் பிடித்து உள்ளே இழுத்தேன். பையைப் பிரித்துத் தட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் உட்காரவில்லை. சுவர் ஓரமாக நின்றாள். நான் ஒரு வாய் சாப்பிட்டேன். அவள் கேட்கவில்லை. இன்னொரு வாய் சாப்பிட்டேன். கேட்கவில்லை, தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உப்பு சரி" என்றேன்.

கம்மிதான், அக்கா. ஆனாலும் சொன்னேன். மறுபடியும் சத்தமாகச் சொன்னேன். அவள் சுவரோடு சரிந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நானும் ஸ்டூலை விட்டு இறங்கி அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டோம்.

சாயங்காலம் ஊமைக்கோட்டான் வந்து எங்களைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றான்.

"ஏன்டா, வாயைத் தொறந்து ஒரு வார்த்தை சொன்னா என்னடா?"

"நம்ம வீட்ல பெரியவங்களுக்குச் சாப்பாடு வெச்சா என்ன கேப்பாங்கன்னு கேட்டா. சொல்லிக் குடுத்தேன். நீ ஒரு நாள் சரின்னு சொல்லுவ, அன்னிக்குச் சொல்லலாம்னு இருந்தேம்மா."

"அவ உப்பைக் கூட்டிருந்தா அன்னிக்கே சொல்லிருப்பேனே!"

"உனக்குப் பிரஷர்னு சொல்லிட்டேன். அதான் அவ கூட்டல."

தினமும் நான் சரி என்று சொல்ல மாட்டேனா என்று காத்திருந்திருக்கிறாள். சொல்லவைக்க ஒரு கல் உப்பு போதும், அது கையிலேயே இருந்தது, போடவில்லை. இதற்குமேல் நான் யாரிடம் போய் இவள் குணம் விசாரிக்க வேண்டும்?

உனக்கு என் மார்ச் மாதக் கடிதத்திலேயே விளங்கியிருக்கிறது. அந்தக் கேள்வியை நம் வீட்டில் யார் யாரிடம் கேட்பார்கள் என்று உனக்குத் தெரியாதா? அம்மா தாத்தாவிடம் கேட்டாள். நான் என் மாமியாரிடம் கேட்டேன். நீ உன் மாமியாரிடம் கேட்டாய். மருமகள் கேட்கிற கேள்வி அது. நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தும் புரியாதவள், நீ அங்கே இருந்தே கண்டுபிடித்துவிட்டாய். கண்டுபிடித்த பிறகு என் கையாலேயே அந்தப் போட்டோவைக் கொடுக்கவைத்தாய். உன்மேல் எனக்குக் கோபம்தான், அக்கா. அடுப்பில் வைத்த பால் மாதிரி பொங்குகிறது. நாற்காலி இழுத்துப் போட்டதையும் நினைக்கிறேன், அடங்குகிறது, மறுபடி பொங்குகிறது.

உன் நாத்தனாரிடம் சொல்லிவிடு. பழியை என்மேல் போடு. என் தங்கைக்குப் புத்தி கெட்டுவிட்டது என்று சொல்.

தங்கை

*

ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் இல்லை. தொண்டை கட்டிக்கொண்டது என்றாவது ஒரு வரி எழுதக் கூடாதா? முட்டி, அத்தான் தும்மல், எதுவும் தெரியாமல் தவிக்கிறேன்.

போன வாரம் இரண்டு பேரும் கல்யாணப் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டார்கள். கேட்ட கேள்விக்கெல்லாம் ஊமைக்கோட்டான் பளிச்சென்று பதில் சொன்னான், எனக்கே ஆச்சரியம். கடையைத் திறந்தாயிற்று. நான் தாழ்வான ஸ்டூலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்து கொடுக்கிறேன். சாறு பிழிகிறவன் இப்போது நான் கேட்காமலே டம்ளரை நீட்டுகிறான்.

மறுபடி அந்தக் கோபுரத்துக்கும் போனோம், மூன்று பேருமாக. அவள் என் கையைப் பிடித்துக் கண்ணாடித் தரைமேல் ஏற்றிவிட்டாள். கண்ணைத் திறந்தேன். பயமாகத்தான் இருந்தது, ஆனால் ஊர் முழுவதும் தெரிந்தது. நம் சந்தைத் தெருகூட ஒரு வெள்ளிக் கோடு மாதிரி தெரிந்தது.

இருபதாம் தேதிக்கு மேல் புறப்படுகிறேன். நேராக உன் வீட்டுக்கு வரட்டுமா, வேண்டாமா? கோபம் பாதி போய்விட்டது. மீதியை நேரில் வந்து திட்டித் தீர்த்துக்கொள்கிறேன். என்ன சொல்கிறாய்?

உன் தங்கை

*

ஜூன் 12

அன்புத் தங்கச்சிக்கு,

சுகமாக இருக்கிறேன். முட்டி அப்படியேதான். அத்தான் தும்மலையும் நிறுத்திவிட்டார், இனி எதை ஆரம்பிப்பாரோ தெரியவில்லை. நேராக இங்கேதான் வர வேண்டும். வராவிட்டால் உன் வீட்டுக்கே வந்து உன்னைத் திட்டுவேன்.

நாத்தனாரிடம் சொல்லிவிட்டேன். உன்மேல் பழி போடவில்லை. "என் தங்கச்சி மகனுக்குக் கல்யாணம் ஆயிருச்சு, பொண்ணு நல்ல பொண்ணு" என்றேன். அவள் போகும்போது நாற்காலியைப் பழைய இடத்துக்கே தள்ளிவிட்டுப் போனாள். மாமியார் என்னோடு பேசுவதில்லை. டீச்சர் பெண் மட்டும் தனியாக வந்து, "அத்தை, எனக்கு வருத்தமே இல்ல, நான் இன்னும் படிக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்தப் போட்டோவைப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவா.

நீ எழுதியதற்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. நீ எழுதியது எல்லாம் சரி. மார்ச் கடிதத்தைப் படித்ததும் புரிந்துவிட்டது. எந்தப் பெண்ணுக்கும் அந்தக் கேள்வியை அப்படி நின்றுகொண்டு விளையாட்டுக்குக் கேட்க வராது.

ஒன்றே ஒன்று மட்டும் கேட்கிறேன், மறைக்காமல் எழுது. நீ "சரி" என்று சொன்னதும் அவள் முகம் எப்படி இருந்தது? தரையில் உட்கார்ந்தாள் என்று எழுதினாய், முகத்தை எழுதவில்லை. எனக்கு அது தெரிய வேண்டும். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நானும் தட்டை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். கூடினால் சொல்வார்கள், குறைந்தால் சொல்வார்கள். சரியாக இருக்கும் நாளில் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. எழுந்து கை கழுவப் போய்விடுவார்கள்.

நேற்று மதியம் யாரையும் கேட்கவில்லை. எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, எனக்கும் ஒரு தட்டை எடுத்துவைத்துக்கொண்டு, நாத்தனார் தள்ளிவிட்டுப்போன நாற்காலியை நானே இழுத்துப் போட்டு அவர்களோடு உட்கார்ந்தேன். அத்தான் நிமிர்ந்து பார்த்தார். மாமியார் கண்ணைத் திறந்து பார்த்தார். நான் ஒரு வாய் சாப்பிட்டேன்.

உப்பு சரியாகத்தான் இருந்தது.

உன் அக்கா